ஜூமுக்கு எஸ்எஸ்ஓ அமைப்பது எப்படி: மைக்ரோசாஃப்ட் என்ட்ராவோடு இணைக்க முழுமையான வழிகாட்டி

ஒருவர் வேலையை விட்டு விலகும் நாளில் அவருடைய மின்னஞ்சலை முடக்குவோம், மடிக்கணினியைத் திரும்ப வாங்குவோம், அடையாள அட்டையைக் கேட்போம். ஜூம் கணக்கு பெரும்பாலும் யாருக்கும் நினைவுக்கு வராது. அதற்கென்று அவர் தனியாக வைத்த பாஸ்வேர்டு அவரிடமே இருக்கும். மாதங்கள் கழித்தும் அவரால் உள்ளே போய் பழைய கூட்டப் பதிவுகளைப் பார்க்க முடியும், நிறுவனத்தின் பெயரில் கூட்டம் நடத்த முடியும். எஸ்எஸ்ஓ, அதாவது ஒற்றை உள்நுழைவு, அமைக்க இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன். ஊழியர்கள் இன்னொரு பாஸ்வேர்டை நினைவில் வைக்க வேண்டாம் என்பது கூடுதல் நன்மை.

ஜூமை மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடியோடு இணைப்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஊழியர்களின் கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை இது. 2023 வரை அஸூர் ஆக்டிவ் டைரக்டரி என்று இருந்ததுதான் இன்றைய என்ட்ரா ஐடி. இதே வேலைக்கு ஆக்டா, கூகுள் வொர்க்ஸ்பேஸ் போன்றவை வைத்திருப்பவர்களுக்கும் ஜூம் பக்கத்து வேலை கிட்டத்தட்ட இதேதான். திரையில் பெட்டிகளை நிரப்ப அரை மணி நேரம் போதும். அதற்கு முன்னால் மின்னஞ்சல் முகவரிகளைச் சரிபார்ப்பதிலும், பிறகு கட்டாயமாக்குவதிலும்தான் உண்மையான வேலை இருக்கிறது. அவசரப்பட்டால் அந்த இரண்டு இடங்களில்தான் மாட்டிக்கொள்வோம்.

உள்ளே என்ன நடக்கிறது

கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றை எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போகிறீர்கள். அங்கே இருப்பவருக்கு உங்களைத் தெரியாது. ஆனால் அந்த முத்திரையையும் கையெழுத்தையும் தெரியும், அதை நம்பி வேலையை முடித்துத் தருகிறார். சாம்ல் என்ற முறையும் இப்படித்தான். இன்று புழக்கத்தில் உள்ள சாம்ல் 2.0, ஒயாசிஸ் அமைப்பு 2005-ல் வெளியிட்ட தரநிலை.

ஊழியர் உங்கள் நிறுவனத்தின் ஜூம் முகவரிக்கு வருகிறார். ஜூம் அவரை மைக்ரோசாஃப்ட் உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புகிறது. அங்கே பாஸ்வேர்டு, கைப்பேசி உறுதிப்படுத்தல் எல்லாம் முடிந்ததும், 'இவர் இன்னார், இவருடைய மின்னஞ்சல் இது' என்று ஒரு செய்தியை என்ட்ரா எழுதி, டிஜிட்டல் கையெழுத்து போட்டு, ஊழியரின் உலாவி வழியாகவே ஜூமுக்குத் திருப்பி அனுப்புகிறது. நாம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும் சான்றிதழை வைத்து அந்தக் கையெழுத்தை ஜூம் சரிபார்க்கிறது. பாஸ்வேர்டு ஜூமுக்குப் போவதே இல்லை. நாம் செய்யப்போவது, இந்த இரண்டு தரப்பும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளத் தேவையான விவரங்களை இருபுறமும் ஒரே மாதிரி எழுதி வைப்பதுதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜூமில் பிசினஸ், எஜுகேஷன் அல்லது எண்டர்பிரைஸ் திட்டம் வேண்டும். இலவசக் கணக்கிலும் தனிநபர் புரோ கணக்கிலும் எஸ்எஸ்ஓ கிடையாது. கணக்கின் உரிமையாளராகவோ அட்மினாகவோ நீங்கள் இருக்க வேண்டும். என்ட்ரா பக்கத்தில் குளோபல் அட்மின் அதிகாரம் தேவையில்லை. கிளவுட் அப்ளிகேஷன் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொறுப்பே போதும். தேவைக்கு மேல் அதிகாரம் உள்ள கணக்கில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

அடுத்தது வேனிட்டி யுஆர்எல். உங்கள்பெயர்.ஜூம்.யுஎஸ் என்ற வடிவில் நிறுவனத்துக்கென்று ஒரு தனி முகவரி. திரையில் இதையெல்லாம் ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஜூம் இணையதளத்தில் அக்கவுண்ட் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் அக்கவுண்ட் புரொஃபைல் பக்கத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஜூம் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்பதால் முதல் வேலையாக இதைப் போட்டுவிடுங்கள். ஒப்புதல் வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அதே பக்கத்தில் அசோசியேட்டட் டொமைன்ஸ் என்ற இடத்தில் உங்கள் மின்னஞ்சல் டொமைனையும், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பகுதியையும், சேர்க்க வேண்டும். அந்த டொமைன் உங்களுடையதுதான் என்று காட்ட, ஜூம் தரும் ஒரு வரியை டிஎன்எஸ்-இல், அதாவது அந்த டொமைனின் விவரங்களை வைத்திருக்கும் பொதுப் பதிவேட்டில், டெக்ஸ்ட் ரெக்கார்டாகச் சேர்ப்பது எளிதான வழி. டிஎன்எஸ் வேறொருவர் கையில் இருந்தால் அவரிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

மின்னஞ்சல் பொருந்துகிறதா

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்க முடியும் என்றால், இதைப் படியுங்கள்.

ஜூம் ஒருவரை அவருடைய மின்னஞ்சல் முகவரியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. என்ட்ராவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு முகவரிகள் இருக்கலாம்: உள்நுழையப் பயன்படும் யூசர் பிரின்சிபல் நேம் ஒன்று, உண்மையில் கடிதம் வந்து சேரும் மின்னஞ்சல் இன்னொன்று. பல நிறுவனங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஊழியர் எண்ணை வைத்து உள்நுழைவுப் பெயர் கொடுத்த இடங்களில், பெயர் மாற்றிக்கொண்டவர்கள் இருக்கும் இடங்களில், இரண்டு நிறுவனங்கள் ஒன்றான இடங்களில் இவை வேறுபடும்.

வேறுபட்டால் என்ன ஆகும்? என்ட்ரா வழக்கமாக அனுப்புவது யூசர் பிரின்சிபல் நேம். ஜூம் அதை மின்னஞ்சல் என்று எடுத்துக்கொண்டு, 'இப்படி ஒருவர் நம்மிடம் இல்லையே' என்று புதிய கணக்கு ஒன்றைத் திறந்துவிடும். ஊழியர் உள்ளே நுழைந்துவிடுவார், எந்தப் பிழையும் வராது. ஆனால் அவர் திட்டமிட்டு வைத்திருந்த கூட்டங்கள், பதிவுகள், தனிப்பட்ட மீட்டிங் எண் எதுவும் அங்கே இருக்காது. எல்லாம் பழைய கணக்கில் கிடக்கும். பிழைச் செய்தி வந்திருந்தால்கூட நல்லது. இப்படிச் சத்தமில்லாமல் நடப்பதுதான் ஆபத்து.

அதனால் ஜூமில் யூசர் மேனேஜ்மென்ட் பக்கத்திலிருந்து பயனர் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுங்கள். என்ட்ராவிலிருந்தும் அதே போல யூசர் பிரின்சிபல் நேம், மெயில் இரண்டு நெடுவரிசைகளோடு ஒரு பட்டியல் எடுங்கள். எக்செலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஜூமில் உள்ள ஒவ்வொரு முகவரியும் என்ட்ராவின் எந்த நெடுவரிசையோடு பொருந்துகிறது என்று பாருங்கள். மெயில் நெடுவரிசைதான் பொருந்துகிறது என்றால், அடுத்த கட்டத்தில் அதைத்தான் அனுப்பச் சொல்லப்போகிறோம். இரண்டிலும் சேராத சில முகவரிகள் மிஞ்சும். சொந்த ஜிமெயிலில் பதிவு செய்தவர்கள், வெபினார் நடத்த எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் பொதுக் கணக்குகள், எப்போதோ விலகியவர்கள். இவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து முடிவெடுங்கள். பொதுக் கணக்குகளைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

என்ட்ரா பக்கம்

என்ட்ரா அட்மின் சென்டரில் எண்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ் போய், நியூ அப்ளிகேஷன் அழுத்தி, கேலரியில் ஜூம் என்று தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு சிங்கிள் சைன்-ஆன் பகுதியில் சாம்ல் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் கட்டத்தில் மூன்று விவரங்கள் கேட்கும். ஐடென்டிபையர் என்ற இடத்தில் உங்கள்பெயர்.ஜூம்.யுஎஸ் என்று மட்டும், முன்னால் எச்டிடிபிஎஸ் இல்லாமல் கொடுங்கள். சைன்-ஆன் யுஆர்எல்லில் அதே முகவரியை எச்டிடிபிஎஸ் சேர்த்துக் கொடுங்கள். ரிப்ளை யுஆர்எல்லில் எச்டிடிபிஎஸ் சேர்த்த அந்த முகவரியின் பின்னால் சாய்கோடு, சாம்ல், மீண்டும் சாய்கோடு, எஸ்எஸ்ஓ. இதில் சாம்ல் சிறிய எழுத்திலும் எஸ்எஸ்ஓ பெரிய எழுத்திலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது கட்டம் ஆட்ரிபியூட்ஸ் அண்ட் கிளெய்ம்ஸ். ஊழியரைப் பற்றி என்ட்ரா ஜூமுக்கு அனுப்பும் ஒவ்வொரு விவரமும் ஒரு கிளெய்ம். ஒப்பிட்டுப் பார்த்ததில் மெயில் நெடுவரிசைதான் பொருந்தியது என்றால், யூனிக் யூசர் ஐடென்டிபையர் என்ற வரியைத் திறந்து, அதன் மூலத்தை யூசர் டாட் மெயில் என்று மாற்றுங்கள். பொருந்தியது யூசர் பிரின்சிபல் நேம் என்றால் இங்கே தொடவே வேண்டாம்.

மூன்றாவது கட்டத்தில் சான்றிதழ். பேஸ்64 என்று குறிப்பிட்டிருப்பதை இறக்கிக்கொள்ளுங்கள். நான்காவது கட்டத்தில் உள்ள லாகின் யுஆர்எல்லையும் என்ட்ரா ஐடென்டிபையரையும் நோட்பேடில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்த அப்ளிகேஷனுக்கு யார் யார் என்று ஒதுக்க வேண்டும். இப்போதைக்கு நான்கைந்து பேரை மட்டும் சேர்த்தால் போதும். பிறகு குழு வைத்து ஒதுக்க நினைத்தால் இரண்டு விஷயங்கள்: அதற்கு என்ட்ரா பி1 லைசென்ஸ் தேவை, குழுவுக்குள் இருக்கும் குழுவை என்ட்ரா இங்கே கணக்கில் எடுக்காது, நேரடி உறுப்பினர்களுக்கு மட்டுமே அனுமதி போகும்.

ஜூம் பக்கம்

ஜூம் இணையதளத்தில் அட்மின் பகுதியில் அட்வான்ஸ்டு, அதற்குள் சிங்கிள் சைன்-ஆன். இங்கே நிரப்ப வேண்டியவை குறைவு, ஆனால் ஓர் எழுத்து பிசகினாலும் வேலை செய்யாது. நகல் எடுத்து ஒட்டுங்கள், கையால் அடிக்காதீர்கள்.

சைன்-இன் பேஜ் யுஆர்எல்லில் என்ட்ராவின் லாகின் யுஆர்எல். சைன்-அவுட் பேஜ் கட்டாயமில்லை. நான் காலியாகவே விடுவேன். ஜூமிலிருந்து வெளியேறுகிறவர், அவுட்லுக்கிலிருந்தும் சேர்ந்து வெளியேற வேண்டியதில்லை. ஐடென்டிட்டி புரொவைடர் சான்றிதழ் என்ற பெட்டிக்கு, இறக்கிய கோப்பை நோட்பேடில் திறந்து, தொடக்க வரியையும் முடிவு வரியையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள நீண்ட எழுத்துக்கோவையை மட்டும் ஒட்டுங்கள். சர்வீஸ் புரொவைடர் என்டிட்டி ஐடியில் இரண்டு தேர்வுகள் காட்டும்: எச்டிடிபிஎஸ் உள்ளது, இல்லாதது. என்ட்ராவில் ஐடென்டிபையராக எதைக் கொடுத்தீர்களோ அதையே இங்கும் தேர்ந்தெடுக்க வேண்டும். இஷ்யூயர் பெட்டியில் என்ட்ரா ஐடென்டிபையர். அதன் கடைசியில் ஒரு சாய்கோடு இருக்கும், அதையும் சேர்த்து ஒட்டுங்கள். பைண்டிங்குக்கு எச்டிடிபி போஸ்ட், கையெழுத்து முறைக்கு ஷா-256.

கீழே புரொவிஷன் யூசர் என்று ஒரு தேர்வு. உள்நுழையும்போது கணக்கு உருவாகட்டும் என்பது ஒன்று, முன்கூட்டியே உருவாக்கியவர்கள் மட்டும் நுழையட்டும் என்பது இன்னொன்று. முதலில் சொன்ன மின்னஞ்சல் குழப்பத்தில் எனக்குத் துளி சந்தேகம் இருந்தாலும் சோதனைக் காலத்தில் இரண்டாவதைத்தான் வைப்பேன். பொருந்தாத ஒருவர் வந்தால் புதிய கணக்கு திறக்காமல் வாசலிலேயே நின்றுவிடுவார், நமக்கும் தெரிந்துவிடும்.

சாம்ல் பதில்களைப் பதிந்து வைக்கும் தேர்வையும் இயக்கிவிடுங்கள். பிரச்சினை வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

லைசென்ஸும் பெயரும்

சாம்ல் ரெஸ்பான்ஸ் மேப்பிங் என்ற தாவலில், புதிதாக வருகிறவர்களுக்கு எந்த வகைக் கணக்கு என்று கேட்கும். பேசிக் என்று வைத்தால் அவர்கள் நடத்தும் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும். லைசென்ஸ்டு என்று வைத்தால், வெறுமனே கூட்டத்தில் உட்கார்ந்து கேட்பவர்களுக்கும் ஒரு லைசென்ஸ் போய்விடும். பேசிக் என்று வைத்து, கூட்டம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் தனியாக லைசென்ஸ் தருவது சிறிய நிறுவனத்துக்குச் சிக்கனம். பெரிய நிறுவனம் என்றால், அட்வான்ஸ்டு மேப்பிங்கில் என்ட்ரா குழுவை வைத்து லைசென்ஸ் பிரித்துத் தரலாம். ஒருவர் 150-க்கும் மேற்பட்ட குழுக்களில் இருந்தால் என்ட்ரா சாம்ல் செய்தியில் குழுப் பட்டியலை அனுப்பாது என்பதால், இந்த அப்ளிகேஷனுக்கு ஒதுக்கிய குழுக்களை மட்டும் அனுப்பும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நம்மவர்களின் பெயர். மென்பொருள்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகக் கேட்கின்றன. நமக்கு இருப்பது பெயரும் தலைப்பெழுத்தும். என்ட்ராவில் சிலருக்குக் குடும்பப் பெயர் இடத்தில் தலைப்பெழுத்து இருக்கும், சிலருக்கு அப்பாவின் பெயர், சிலருக்கு ஒன்றுமே இருக்காது. காலியாக இருந்தால் என்ட்ரா அந்த விவரத்தை அனுப்பவே அனுப்பாது. கூட்டத்தில் ஒருவர் தன் பெயரைத் தான் எழுதுகிற மாதிரி பார்க்க வேண்டும் என்பது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. டிஸ்ப்ளே நேமை என்ட்ராவில் ஒழுங்காக வைத்து, அதை ஒரு கிளெய்மாகச் சேர்த்து, ஜூமின் மேப்பிங்கில் காட்டும் பெயராக இணைத்துவிடுங்கள். ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில், உள்நுழையும் ஒவ்வொரு முறையும் புதுப்பிக்கவா என்று ஒரு பெட்டி இருக்கும். பெயருக்கு அதை இயக்கினால், ஒருவர் ஜூமில் தானே திருத்திக்கொண்ட பெயர் அடுத்த உள்நுழைவில் அழிந்துபோகும். தெரிந்து முடிவெடுங்கள்.

சோதனை

உலாவியில் ஒரு தனிச்சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறந்து உங்கள்பெயர்.ஜூம்.யுஎஸ் போய் உள்நுழையுங்கள். நீங்கள் அட்மினாக நுழைந்திருக்கும் சாளரத்தை மூடாதீர்கள். ஏதாவது கெட்டுப்போனால் திருத்த அது வேண்டும். பிறகு கணினிச் செயலியிலும் கைப்பேசியிலும் பாருங்கள். அங்கே எஸ்எஸ்ஓ என்பதை அழுத்தினால் நிறுவனத்தின் டொமைனைக் கேட்கும், வேனிட்டி முகவரியின் முதல் பகுதியை மட்டும் கொடுத்தால் போதும். சோதனை செய்யும் நான்கைந்து பேரிடமும் 'உள்ளே போக முடிந்ததா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'உங்கள் பழைய கூட்டங்கள் அப்படியே இருக்கின்றனவா' என்று கேளுங்கள்.

பிழை மைக்ரோசாஃப்ட் பக்கத்திலேயே வந்தால் ஏஏடிஎஸ்டிஎஸ் என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். 50105 என்றால் அந்த ஊழியரை அப்ளிகேஷனுக்கு ஒதுக்கவில்லை. 700016 என்றால் ஐடென்டிபையர் இருபுறமும் ஒன்றாக இல்லை. பெரும்பாலும் அந்த எச்டிடிபிஎஸ் விஷயம்தான். 50011 என்றால் ரிப்ளை யுஆர்எல் தவறு. மைக்ரோசாஃப்டைத் தாண்டி ஜூமுக்குத் திரும்பிய பிறகு பிழை வந்தால் சான்றிதழையோ இஷ்யூயரையோ சந்தேகப்படுங்கள். சாம்ல் டிரேசர் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொண்டால், என்ட்ரா உண்மையில் எந்த மின்னஞ்சலை அனுப்பியது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

கட்டாயமாக்குவது

இதுவரை செய்தது ஒரு புதிய வாசலைத் திறந்ததுதான். பழைய பாஸ்வேர்டு வாசலும் திறந்தேதான் இருக்கிறது. அதை மூடினால்தான் நாம் தொடங்கிய காரியம் முடியும். அட்வான்ஸ்டு பகுதியில் செக்யூரிட்டி பக்கத்தில், குறிப்பிட்ட டொமைனைச் சேர்ந்தவர்கள் எஸ்எஸ்ஓ வழியாக மட்டுமே நுழைய வேண்டும் என்ற தேர்வு இருக்கிறது.

அதைத் தொடும் முன், அதன் கீழேயே உள்ள விலக்குப் பட்டியலில் குறைந்தது இரண்டு அட்மின்களைச் சேருங்கள். அவர்களுக்கு ஜூமில் தனி பாஸ்வேர்டும் ஜூமின் சொந்த இரண்டடுக்குப் பாதுகாப்பும் இருக்க வேண்டும். அந்த பாஸ்வேர்டு வேலை செய்கிறதா என்று ஒருமுறை நுழைந்தும் பாருங்கள். எஸ்எஸ்ஓ உடைந்தால் அதைச் சரிசெய்ய எஸ்எஸ்ஓ வழியாகத்தான் நுழைய வேண்டும் என்ற நிலைமைக்கு வந்துவிடக் கூடாது. முன்பு குறித்து வைத்த பொதுக் கணக்குகளில், என்ட்ராவில் உள்நுழைய முடியாத ஷேர்டு மெயில்பாக்ஸ்களும் இருக்கும். அவற்றையும் இப்போதைக்கு இதில் சேர்க்கலாம், ஆனால் பட்டியலைச் சிறிதாகவே வைத்திருங்கள்.

ஒரு துறை முதலில், பிறகு இன்னொன்று என்று ஒதுக்கிக்கொண்டே வந்து, எல்லோரும் ஒருமுறையாவது எஸ்எஸ்ஓ வழியாக நுழைந்த பிறகு கட்டாயமாக்குங்கள். திங்கள் காலையில் வேண்டாம். வெள்ளி மாலையும் வேண்டாம், சிக்கலில் மாட்டியவருக்கு உதவ யாரும் இருக்க மாட்டார்கள். செவ்வாய் அல்லது புதன் மதியம், இரண்டு நாள் முன்னதாக அறிவித்துவிட்டு.

வெளியாட்களைப் பற்றிக் கேட்பார்கள். கூட்டத்துக்கு விருந்தினராக இணைப்பை அழுத்தி வருகிறவர்களுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை.

விலகியவரின் கணக்கு

என்ட்ராவில் ஒருவரை முடக்கிவிட்டால் அவரால் புதிதாக ஜூமில் நுழைய முடியாது. ஆனால் அவருடைய கைப்பேசியில் ஏற்கெனவே திறந்திருக்கும் ஜூம் செயலி அதற்காக உடனே மூடிக்கொள்ளாது. எஸ்எஸ்ஓ வாசலில் நிற்கும் காவல்; உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது. இதை அறியாமல், வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

இதற்கு இரண்டு வழிகள். ஜூமின் எஸ்எஸ்ஓ பக்கத்தில், இவ்வளவு நேரத்துக்குப் பிறகு தானாக வெளியேற்று என்ற தேர்வு உண்டு, அதை இயக்கலாம். அதைவிட முக்கியம் ஸ்கிம் என்னும் தானியங்கி கணக்கு மேலாண்மை. என்ட்ராவில் அதே ஜூம் அப்ளிகேஷனில் புரொவிஷனிங் பகுதியில் ஜூமோடு இணைத்துவிட்டால், ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒருமுறை என்ட்ரா மாற்றங்களைக் கொண்டுபோய் ஜூமில் சேர்க்கும். முடக்கியவரின் ஜூம் கணக்கும் முடங்கும். உடனடியாக வெளியேற்ற வேண்டிய சூழலில் அந்த 40 நிமிடத்துக்குக் காத்திருக்காமல் ஜூமில் நேராகப் போய் முடக்கிவிடுங்கள்.

முடக்குவது வேறு, அழிப்பது வேறு. அழிக்கும்போது மட்டும், அவருடைய வரவிருக்கும் கூட்டங்களையும் பதிவுகளையும் வேறொருவருக்கு மாற்றவா என்று ஜூம் கேட்கும். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சான்றிதழ் காலாவதி

என்ட்ரா தரும் சான்றிதழுக்கு வழக்கமாக 3 ஆண்டு ஆயுள். முடிவதற்கு 60, 30, 7 நாள் முன்பு மின்னஞ்சல் வரும். யாருக்கு வரும்? மாற்றாமல் விட்டால், இதை அமைத்த அட்மினுக்கு. 3 ஆண்டில் அவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். சான்றிதழ்ப் பகுதியிலேயே அறிவிப்பு முகவரியைக் குழு முகவரியாக மாற்றுங்கள்.

ஒருமுறை நான் புதிய சான்றிதழை என்ட்ராவில் காலையிலேயே இயக்கிவிட்டு, ஜூமில் ஒட்டுவதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாக நுழைகிறவர்கள் மட்டும் ஒவ்வொருவராகத் தடுக்கப்பட்டார்கள், புகாரும் ஒன்றிரண்டாகத்தான் வந்தது. ஒருவருக்கு உலாவியைத் துடைக்கச் சொன்னேன், இன்னொருவருக்கு செயலியை மறுபடி நிறுவச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் காரணம் அந்தச் சான்றிதழ்தான் என்று புரிய மதியம் ஆகிவிட்டது. அன்று ஒரு நேர்காணலுக்கு வர வேண்டியவர் தாமதமாக வந்ததை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அதன் பிறகு செய்யும் முறை இது. புதிய சான்றிதழை என்ட்ராவில் உருவாக்கி, இயக்காமல் வைத்து, பேஸ்64 கோப்பை இறக்கிக்கொள்கிறேன். அலுவலக நேரம் முடிந்த பிறகு, விலக்குப் பட்டியலில் உள்ள கணக்கில் ஜூமுக்குள் நுழைந்து சான்றிதழ்ப் பக்கத்தைத் திறந்து வைக்கிறேன். என்ட்ராவில் புதியதை இயக்கிய அடுத்த நிமிடமே ஜூமில் ஒட்டிச் சேமிக்கிறேன். தனிச்சாளரத்தில் ஒருமுறை, கைப்பேசியில் ஒருமுறை நுழைந்து பார்க்கிறேன். இரண்டும் சரி என்றால்தான் பழைய சான்றிதழை நீக்குகிறேன். புதியது முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் குழு நாட்காட்டியில் குறித்தும் வைக்கிறேன்.